சந்திரப்பிரபு நயினாரின் பெட்ரோல் கணக்கு

திருப்பருத்திக்குன்றத்துச் சந்திரப்பிரபு நயினாருக்குச் சர்க்கார் முத்திரை குத்திய எதன் மீதும் நம்பிக்கை கிடையாது. ரேடியோவில் மழை வரும் என்று சொன்னால், அன்றைக்குப் பார்த்துத்தான் வேர்க்கடலையைக் களத்தில் கொட்டிக் காயப் போடச் சொல்வார். மழை வந்து கடலை நனைந்துபோன நாட்களும் உண்டு. அதற்கெல்லாம் மனுஷர் அசர மாட்டார். "ஏதோ வாய் தவறி நெசத்தைச் சொல்லிட்டாம்பா" என்பார்.

தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற சமணக் குடும்பம் அது. சர்க்கார் சொல்வதையும் அவர் அப்படித்தான் வடிகட்டினார். தண்ணீராவது துணிக்குக் கீழே இறங்கும், இதில் ஒரு சொட்டும் இறங்காது என்று அவர் மனைவி திரிசலா சொல்வாள்.

மாகறலில் கொஞ்சம் நிலம், காஞ்சிபுரம் கடைத்தெருவில் ஒரு கடலை மண்டி, வாசலில் ஒரு பழைய கறுப்புக் கார். நயினாரின் ராஜ்யம் இவ்வளவுதான். அந்த ராஜ்யத்தின் நிதி மந்திரி, உணவு மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர் எல்லாமே திரிசலாதான். ஆனால் அவளும் ஒன்றை ஒப்புக்கொள்வாள். அந்த மனுஷருடைய அவநம்பிக்கைக்கு ஒரு கிணறு சாட்சியாக இருந்தது.

மாகறல் நிலத்தில் அவருடைய தாத்தா வெட்டிய கிணறு அது. மாடு கட்டி இறைத்த காலத்தில் எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. பிறகு கரண்டு வந்தது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கி, மோட்டார் போட்டால் மாட்டுக்கும் ஓய்வு, ஆளுக்கும் ஓய்வு, செலவும் மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரே போட்டது. நயினாரும் போட்டார். பொத்தானைத் தட்டினால் தண்ணீர் கொட்டும் என்று ஆனதும், கேழ்வரகு வைத்தவன் நெல் வைத்தான், நெல் வைத்தவன் கரும்பு வைத்தான். நாலைந்து கோடை போனது. ஒரு நாள் நயினார் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடிப்பாறை தெரிந்தது. வெட்டிய தாத்தாவுக்குப் பிறகு அந்தப் பாறையைப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

அன்றிலிருந்து ஒரே பல்லவி. "இறைக்கறது சுலபமானா இறைப்பு அதிகமாவும். மிச்சமாவாது." எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கடைசியில் இங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். எடை குறைந்த பட்டுச்சேலை தறியில் இறங்கியபோதும் இதையேதான் சொன்னார். "ஒரு சேலைக்குப் பட்டு கம்மியாத்தான் புடிக்குது, இல்லேங்கல. ஆனா ஒண்ணு வாங்கினவ இப்ப ரெண்டு வாங்கறா. பட்டு எங்க மிச்சமாச்சி?" கேட்ட நெசவாளிகள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கென்ன, இரண்டு விற்றால் நல்லதுதானே.

எழுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் அரபு நாடுகளில் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடிவிட்டார்கள். இங்கே பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. அப்போதுதான் அந்தப் பேச்சு அடிபட்டது. இனிமேல் செய்கிற புதுக் கார்கள் ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டராவது ஓடியே ஆக வேண்டும் என்று சர்க்கார் ஓர் அளவு வைக்கப் போகிறதாம். அப்படிச் செய்தால் தேசத்தின் பெட்ரோல் செலவு பாதியாகிவிடுமாம். அந்த யோசனை வெறும் யோசனையாகவே நின்றுபோனது. ஆனால் நின்றுபோவதற்குள் நயினார் வீட்டில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போனது.

ஏனென்றால் நயினாரின் மாப்பிள்ளை ஜெயகுமார் சென்னையில் சர்க்கார் ஆபீஸில் இன்ஜினியர். அதுவும் வண்டி வாகனம் பற்றிய பிரிவு. அமைதியான பிள்ளை, யாரையும் எதிர்த்துப் பேசாதவர். தன் ஆபீஸைப் பற்றிக் குறை சொன்னால் மட்டும் காது மடல் சிவக்கும். ஒரே மகள் விஜயாவைக் கார்த்திகையில் அவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தை மாதம் காணும் பொங்கலன்று பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் முறையாக விருந்துக்கு வந்தார்கள்.

திரிசலா விடியற்காலையிலிருந்து அடுப்பங்கரையிலேயே கிடந்தாள். மதியமே வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தது. பண்டிகைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் அவர்கள் வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சமணர் வீடுகளில் பொழுது போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு யாரும் இலையில் கை வைப்பதில்லை. திரிசலா அவசர அவசரமாக இலை போட்டு, மாமனாரையும் மருமகனையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பரிமாறினாள்.

நயினார் சும்மா இருந்திருக்கலாம். வடையைக் கையில் எடுத்தவர் அதை வாயில் போட்டிருக்கலாம்.

"என்ன மாப்ளே, புதுக் காருக்கெல்லாம் அளவு வெக்கப் போறாங்களாமே. இனிமே தண்ணியிலயே ஓடிடுமா?"

ஜெயகுமார் சிரித்தபடி, "தண்ணியில ஓடாது மாமா. பெட்ரோல்லதான். கொஞ்சம் கம்மியா குடிக்கும்" என்றார்.

"கம்மியா குடிக்கற வண்டிய குடுத்தா ஜனங்க அதிகமா ஓட்டுவாங்க. மாகறல் கெணறு தெரியுமா உங்களுக்கு?"

கிணற்றில் இறங்கினால் நயினார் லேசில் மேலே வர மாட்டார் என்பது திரிசலாவுக்குத் தெரியும். "ஏங்க, முதல்ல சாப்பிடுங்க" என்றாள். அவர் கிணற்றை முடித்துப் பட்டுச்சேலைக்கு வந்தார். ஜெயகுமார், "கெணறு வேற, காரு வேற மாமா. ஆபீஸுக்குப் போறவன் வண்டி நல்லா ஓடுதுன்னு ரெண்டு தடவை ஆபீஸுக்குப் போவ மாட்டான்" என்றார். அது நல்ல பதில். நயினாருக்கே பிடித்துப்போயிருக்க வேண்டும், அதனாலேயே விட மனமில்லாமல் இன்னும் மும்முரமாக இறங்கினார். எந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்து அளவு எடுத்தார்கள், அந்த ரோட்டில் மாட்டு வண்டி உண்டா, தேர்க் கூட்டம் உண்டா, காரில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. ஜெயகுமாருக்குக் காது மடல் சிவந்தது. இரண்டு பேருக்கும் வலது கை இலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. திரிசலா இன்னொரு முறை கூப்பிட்டாள். விஜயா அப்பாவின் தோளைத் தொட்டாள்.

அதற்குள் முற்றத்துச் சுவரில் இருந்த வெயில் போய்விட்டது.

ஜெயகுமார்தான் முதலில் கவனித்தார். இலையைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், பிறகு திரிசலாவைப் பார்த்துக் கை கூப்பிவிட்டு எழுந்துகொண்டார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையிலிருந்து பஸ்ஸுக்குக் காத்து நின்று வந்த பிள்ளை வெறும் வயிற்றோடு படுத்தது. மறுநாள் ஆபீஸ் இருக்கிறது என்று விடிகிற நேரத்துப் பஸ்ஸைப் பிடித்துப் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

விருந்துக்கு வந்த மாப்பிள்ளையை இலையில் உட்கார வைத்துப் பட்டினி போட்ட வீடு என்று உறவுக்காரர்களிடையே பேச்சு பரவ எத்தனை நாளாகும். ஜெயகுமாரின் தாயார் குணமாலா அம்மாள் இதை மறக்கவில்லை. சித்திரையில் விஜயா முழுகாமல் இருக்கும் செய்தி வந்தபோது திரிசலா தனியாகப் பஸ் ஏறிச் சென்னை அயனாவரம் போய் மகளைப் பார்த்தாள். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தானே, ஏழாம் மாதம் அழைத்துப்போக வருகிறோம் என்றாள். குணமாலா அம்மாள் காபி கொடுத்து, நன்றாகத்தான் உபசரித்தாள். கடைசியில் மட்டும் நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க எப்ப வேணா வாங்க, போங்க. ஆனா பொண்ண அனுப்பணும்னா பொண்ணோட அப்பா வந்து கேக்கட்டும்மா. இல்லேன்னா பிரசவம் இங்கயே நடக்கட்டும்."

விஜயா வாசல் வரை வந்து, "அப்பா வருவாராம்மா?" என்று கேட்டாள். திரிசலாவுக்குப் பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்தக் கேள்விதான் காதில் கேட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னால் நயினார் உத்தரத்தைப் பார்த்தார். "நான் ஏன் போவணும்? அவர் மட்டுமா பட்டினி? நானுந்தான் பட்டினி கெடந்தேன்." அதுவும் உண்மைதான். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றிலிருந்து திரிசலா அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாயங்காலம் பொழுதோடு சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, சொம்பில் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்துவிட்டது.

இதற்கு நடுவில் வேடிக்கை போலப் புதுக் கார் வந்து சேர்ந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்து வைத்து, அவரே மறந்துபோயிருந்த கார். சின்னது, வெள்ளை நிறம். பழைய கறுப்பு வண்டியை ஒருவர் கல்யாண வாடகைக்கு வாங்கிக்கொண்டு போனார். டிரைவர் சிட்டிபாபு புது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். லாரி கிளீனராக ஆரம்பித்து, நயினார் வீட்டில் பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். "ஐயா, இது பழசுல பாதிதான் குடிக்கும்" என்றான். நயினார் வழக்கம்போல நம்பவில்லை. ஆனால் பழைய வண்டியில் கோயிலுக்கும் சாவுக்கும் தவிர வேறு எங்கும் போகாத மனுஷர், புது வண்டி வந்ததும் மாறிப்போனார். மதியச் சாப்பாடு முடிந்ததும், "சிட்டிபாபு, வண்டிய எடு" என்பார். தாமல் ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். திருமுக்கூடலில் ஒரு வேலை என்பார். பொழுது போவதற்குள் சரியாக வந்து இலையில் உட்கார்ந்துவிடுவார்.

கத்திரி வெயிலில் தாமல் ஏரியில் பார்க்க என்ன இருக்கிறது என்று திரிசலா யோசித்தாள். பேச்சுவார்த்தை இல்லாததால் கேட்கவில்லை. வயசான காலத்தில் புதுப் பொம்மை கிடைத்திருக்கிறது, ஆடட்டும் என்று விட்டுவிட்டாள். பெற்ற பெண் அங்கே தவம் கிடக்க, இவருக்கு ஊர் சுற்றல் கேட்கிறதா என்று உள்ளே கொதித்தது.

ஆடி மாதம் ஒரு நாள் சிட்டிபாபுவிடம் சாதாரணமாகக் கேட்டாள். "வண்டி எப்டி குடிக்குது சிட்டிபாபு?"

"வண்டி தங்கம் மாதிரிம்மா. ஆனா பழைய வண்டிக்கு மாசத்துல ஒரு தபா பங்க்குக்குப் போவோம். இப்ப வாராவாரம் போய்க்கினு இருக்கோம்." சொல்லிவிட்டு ஏதோ அதிகம் பேசிவிட்டவன் போலத் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அந்தப்புறம் போய்விட்டான்.

திரிசலாவுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. அன்று சாயங்காலம் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போகாமல் எதிரே உட்கார்ந்தாள். நயினார் பயந்தே போனார்.

"ஏங்க, நீங்க சொன்னது சரியாப் போச்சி பாத்தீங்களா?"

"எது?"

"கம்மியா குடிக்கற வண்டி வந்தா ஜனங்க அதிகமா ஓட்டுவாங்கன்னீங்களே. நம்ம வீட்டுலயே நடக்குது. பழசுல பாதி குடிக்கற வண்டி, செலவு மட்டும் பழசை விட ஜாஸ்தி. இத மாப்பிள்ளை கிட்ட சொன்னா அவரால பதில் சொல்ல முடியுமா?"

நயினார் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே முழித்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு, "ஆமா... அதுவும் சரிதான்" என்றார். சண்டையில் ஜெயித்த மனுஷர் மாதிரித் தெரியவில்லை. இருந்தாலும் மறுநாள், ஆவணி பிறக்கட்டும், ஒரு நடை போய் மாப்பிள்ளையிடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று அவராகவே சொன்னார். திரிசலா அடுப்பங்கரைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கப் போ என்றால் போகாதவர் ஜெயிக்கப் போ என்றால் கிளம்பிவிட்டார். எப்படியோ அந்த வீட்டு வாசற்படியை மிதித்தால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போனார்கள். விஜயா வாசலுக்கு வந்து அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. முகம் மட்டும் வாடியிருந்தது. ஜெயகுமார் வணங்கி உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தார். குணமாலா அம்மாள் கதவோரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

நயினார் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொல்லத் தொடங்கினார். புது வண்டி வந்ததைச் சொன்னார். அது நல்ல வண்டிதான், நிஜமாகவே கம்மியாகத்தான் குடிக்கிறது என்றார். "ஆனா மாப்ளே, பழைய வண்டிக்குப் போட்டதை விட இப்ப பெட்ரோல் அதிகமா போடறேன். நான் சொன்னேனே, அதேதான்."

ஜெயகுமார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவக்கவில்லை. உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற விஜயாவின் நிழலைப் பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்.

"சரி மாமா. நீங்க சொன்னதுதான் சரி. நான் ஒத்துக்கறேன்."

திரிசலாவுக்குப் போன உயிர் வந்தது. இனி இந்த மனுஷர், பெண்ணை அனுப்பி வையுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் எல்லாம் முடிந்தது. அவள் நயினாரின் முகத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சர்க்கார் ஆள் அவரிடம் தோற்றுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்த முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். மேல் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"இல்ல மாப்ளே. ஒத்துக்காதீங்க. இது பொய்க் கணக்கு."

ஜெயகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெட்ரோல் அதிகமா ஆனது நெசம். ஆனா வண்டி நல்லா ஓடுதேன்னு ஊர் சுத்தல. தாமலுக்கும் போவல, திருமுக்கூடலுக்கும் போவல." அவர் கீழே தரையைப் பார்த்துப் பேசினார். "இங்கதான் வந்துக்கினு இருந்தேன்."

"இங்கயா? எப்ப மாமா?"

"சித்திரையிலிருந்து. மத்தியானம் கெளம்பி பூந்தமல்லி வரைக்கும் வந்துடுவேன். அங்க வந்ததும் பொழுது சாயறதுக்குள்ள திரும்பணும்னு சிட்டிபாபு கிட்ட சொல்லுவேன். திருப்பிடுவான். பொழுதெல்லாம் ஒரு சாக்கு. உங்கள எலையில உக்கார வெச்சிப் பட்டினி போட்டவன், உங்க வீட்டு எலையில எந்த மொகத்தோட உக்காருவேன்? ஒரு தபா கூட பூந்தமல்லியத் தாண்ட முடியல." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார். "சர்க்கார் கணக்கு பொய்க் கணக்குன்னு ஊரெல்லாம் சொல்ற வாயி இது. நானும் ஒரு பொய்க் கணக்கக் காட்டிப் பொண்ண அழைச்சிக்கினு போனா, அப்புறம் நான் யாரைப் பேச முடியும்?"

நயினார் கதவோரம் திரும்பினார். பெண்ணைக் கொடுத்த நாளில்கூட அவர் அப்படிக் குரல் இறங்கிப் பேசித் திரிசலா கேட்டதில்லை.

"தப்பு என் பேர்லதாம்மா. பொண்ண அனுப்பி வையுங்க."

குணமாலா அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாய்க் கொழுப்பு புடிச்ச மனுஷர்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. உள்ளே பார்த்து, "விஜயா, உன் துணியெல்லாம் எடுத்து வைம்மா. ராகு காலத்துக்கு முன்ன கெளம்பணும். அதுக்குள்ள எல்லாரும் சாப்பிட்டுடலாம்" என்றாள்.

கிளம்பும்போது பெட்டியை ஜெயகுமாரே தூக்கி வந்து வண்டியில் வைத்தார். நயினாரிடம், வண்டியை அனுப்பினால் அடுத்த வாரம் தானும் வருவதாகவும், அந்தக் கிணற்றை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை. அந்த இடத்தில் நயினார் ஏதாவது ஒரு வார்த்தை விடுவார் என்று திரிசலா பயந்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வண்டியில் நயினார் சிட்டிபாபுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் திரிசலாவும் விஜயாவும். வழியெல்லாம் விஜயா பேசிக்கொண்டே வந்தாள், இத்தனை மாதப் பேச்சும் அவளுக்குச் சேர்ந்திருந்தது. பூந்தமல்லி தாண்டும்போது திரிசலா கேட்டாள்.

"எந்த எடத்துலங்க திரும்புவீங்க?"

நயினார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிட்டிபாபுதான் வண்டியை மெதுவாக்கி, சாலையோரத்தில் புளியமரத்தடியில் இருந்த ஒரு சோடாக் கடையைக் காட்டினான். "அங்கதாம்மா. வண்டிய நிறுத்திக் கொஞ்ச நேரம் உக்காந்துக்கினு இருப்பாரு. ஒண்ணும் வாங்க மாட்டாரு. அப்புறம் திருப்புன்னுவாரு."

திரிசலா அந்த மரத்தடியைப் பார்த்தாள். அவரைச் சுமந்த வண்டி இங்கிருந்து வெறுமனே திரும்பி வந்த சாயங்காலங்களில்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் போட்டாள், சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவரும் ஒன்றும் சொல்லாமல் குனிந்த தலையோடு சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அவருடைய வீம்புக்கு நாலு மாதமாகத் தண்டனை கொடுத்துக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். தாங்க முடியாத ஒரு வருத்தமும் ஆசையும் அவளுக்கு ஒன்றாக வந்தது.

மகள் பக்கத்தில் இருக்கிறாள், டிரைவர் முன்னால் இருக்கிறான். திரிசலா கையை நீட்டி, முன்னால் உட்கார்ந்திருந்தவருடைய தோள் மீது வைத்தாள். காஞ்சிபுரம் வரும் வரை எடுக்கவில்லை.